பீரோக் கதவில் ஒட்டிய சீட்டு

எங்கள் அலுவலகத்தில் ஒரு பச்சை பீரோ இருக்கிறது. பூட்டு கெட்டுப்போனது. உள்ளே பழைய வயர்களும் ஓடாத மின்விசிறி ஒன்றும் கிடக்கின்றன. அதன் கதவில் மஞ்சள் சீட்டுகள் வரிசையாக ஒட்டியிருக்கும். புதிதாக வருகிறவர்கள் வேலைப் பட்டியல் என்று நினைத்துக் கிட்டப் போய்ப் படிப்பார்கள். படித்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள்.

"என்னைப் பாக்காதீக. அந்தா சன்னலோரம் உக்காந்திருக்கா பாருங்க, அவளைக் கேளுங்க" என்பேன்.

சீட்டுகளில் இப்படி எழுதியிருக்கும்:

"கண்டனூர் வீட்டில் சமையற்கட்டையும் தங்கும் அறை என்று எண்ணிவிட்டேன். பெங்களூர்க்காரர் ஒருவர் அதை இரண்டு நாளைக்குப் பதிவு செய்துவிட்டார். தவறு என்னுடையது. – தீபலட்சுமி."

"சோதனைக்காக எழுதிய 'சாவி காணவில்லை' என்ற செய்தி உண்மையிலேயே ஐம்பது குடும்பங்களுக்குப் போய்விட்டது. தவறு என்னுடையது. – தீபலட்சுமி."

அந்த 'சாவி காணவில்லை' நாளை நான் செத்தாலும் மறக்க மாட்டேன். என் பேர் சிட்டாள். ஐம்பத்து நாலு வயசு. காரைக்குடி செக்காலை ரோட்டில் ஒரு மருந்துக் கடை மாடியில் இருக்கிற இந்தக் கம்பெனியில் போன் எடுப்பது என் வேலை. புரோகிராம் எழுதுகிறவர்கள் தப்புச் செய்வார்கள். அதற்கு வசவு வாங்குகிறவள் நான். எனக்குக் கோபம் வரும் என்று ஊரே சொல்லும். ஒரு நாளைக்கு எண்பது போன் எடுத்துப் பாருங்கள், உங்களுக்கும் வரும்.

கம்பெனி செய்வது 'வளவு' என்று ஒரு செயலி. எங்கள் பக்கத்துப் பெரிய வீடுகளைப் பார்த்திருப்பீர்கள். ஒரு வீட்டுக்கு நாற்பது பங்காளிகள் இருப்பார்கள். ஒருவர் சென்னையில், ஒருவர் கோயம்புத்தூரில், ஒருவர் கோலாலம்பூரில். வீட்டில் இருப்பதோ ஒரு காவல்காரரும் புறாக்களும். இந்த வருஷ நிர்வாகம் யார் முறை, கல்யாணத்துக்கு வீடு யாருக்கு, காலி நாளில் வெளியாளுக்கு வாடகைக்கு விடலாமா, ஓடு மாற்றியாச்சா, எல்லாவற்றுக்கும் முன்பு கடிதத்தில் சண்டை போட்டார்கள். இப்போது வளவில் போடுகிறார்கள்.

அன்று காலை பத்து மணிக்கு ஆரம்பித்த போன் இரண்டு மணிவரை ஓயவில்லை. கோலாலம்பூர் ஆச்சி ஒருத்தி அழுதே விட்டாள். "சோதனைக்கு அனுப்பினதுங்க, சாவி பத்திரமா இருக்கு" என்று சொல்லிச் சொல்லி என் வாய் கோணிக்கொண்டது. கடைசியில் போனை வைத்துவிட்டு எழுந்து நின்று கத்தினேன்.

"எந்தக் கட்டையில போறவன்டா இந்த வேலையப் பாத்தது?"

சேர்ந்து இரண்டே மாதம் ஆன பெண் எழுந்து நின்றாள். ஒல்லியான உடம்பு, பெரிய கண்ணாடி.

"நான்தான் ஆச்சி அந்தக் கட்டையில போறவ. ஒவ்வொருத்தருக்கும் நானே போன் போட்டுச் சொல்லிர்றேன். நீங்க போயிச் சாப்பிடுங்க."

அதுவரை இந்த அலுவலகத்தில் தப்புக்குச் சொந்தக்காரர் என்று யாரும் இருந்ததில்லை. 'சர்வர்ல பிரச்சினை' என்பார்கள், 'நெட் ஸ்லோ' என்பார்கள். சர்வர் பாவம், வாயில்லா ஜீவன், எல்லாப் பழியையும் தாங்கிக்கொண்டிருந்தது. அன்று மாலை தீபலட்சுமி முதல் சீட்டை எழுதி பீரோவில் ஒட்டினாள்.

சிங்கம்புணரிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம் அவளுக்கு. அப்பா குழந்தைவேலுவுக்கு மூன்று ஏக்கர் கடலைக் காடு. அம்மா பொன்னுத்தாயி. காரைக்குடியில்தான் இன்ஜினியரிங் படித்தாள். சென்னையில் பெரிய கம்பெனி ஒன்றில் நாலு வருஷம் வேலை. அம்மாவுக்கு இடுப்பில் ஆபரேஷன் ஆனதும், கூட இருக்க ஆள் வேண்டும் என்று இங்கேயே வந்துவிட்டாள். சென்னைச் சம்பளத்தில் பாதிகூட இங்கே இல்லை. அதைப் பற்றி அவள் ஒரு நாளும் மூக்கால் அழுததில்லை. மத்தியானம் டப்பாவைத் திறந்தால் வாரத்தில் நாலு நாள் கடலைத் துவையல்தான். கேட்டால், "எங்க காட்டுக் கடலை ஆச்சி, திண்டு பாருங்க" என்று ஒரு உருண்டை என் டப்பாவில் வைப்பாள்.

ஆரம்பத்தில் எனக்கு அவள் செய்வது பிடிக்கவில்லை. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. தப்பைத் திருத்தியாச்சு, சனம் மறந்தாச்சு, அதைப் போய்க் கதவில் ஒட்டி வைப்பானேன்?

"ஏத்தா, இதை வாடிக்கைக்காரக பாத்தா நம்ம பொழப்பு என்னாகும்?" என்று ஒரு நாள் கேட்டே விட்டேன்.

"மறைச்சா மறந்துரும் ஆச்சி. மறந்தா அதே தப்பை மறுபடி செய்வேன். எனக்கு மறதி சாஸ்தி" என்றாள்.

அவ்வளவுதான் அவள் தத்துவம். அதற்கு மேல் பெரிய பேச்செல்லாம் கிடையாது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். சீட்டு ஒட்டிய தப்பை அவள் இரண்டாவது முறை செய்து நான் பார்த்ததில்லை. மற்ற இரண்டு பையன்களும் ஒரே தப்பை மாசா மாசம் சர்வர் தலையில் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

இனிமேல் சொல்லப்போவது என்னைப் பற்றியும்தான். பின்னால் சொல்லத் தைரியம் வருமோ வராதோ, இப்போதே சொல்லிவிடுகிறேன்.

மார்கழி பிறந்து நாலைந்து நாள். கொத்தமங்கலத்து வீடு ஒன்றின் முப்பத்தெட்டு பங்காளிக் குடும்பங்களுக்கும் படைப்புத் தேதியை வளவு அனுப்பியிருந்தது. படைப்பு என்றால் முன்னோர்களுக்குப் புதுச் சேலை, புது வேட்டி வைத்து, இலை போட்டுக் கும்பிடுகிற நாள். வருஷத்தில் பங்காளிகள் எல்லாரும் வந்து கூடுகிற நாள் அது ஒன்றுதான். அந்த வீட்டுக்குத் தை மாதம் மூன்றாம் செவ்வாய் என்று வைத்திருக்கிறார்கள். செயலி பிப்ரவரி நாலு என்று கணக்குப் போட்டு அனுப்பியிருந்தது.

அன்று காலை எனக்கு ஒரு வாய் காபிகூடக் கிடைக்கவில்லை. இன்னொரு லைனில் தேவகோட்டைக்காரர் ஒருவர் கத்திக்கொண்டிருந்தார். அப்போது இந்தப் போன் வந்தது.

"ஆச்சி, கொத்தமங்கலத்துல இருந்து சோணைமுத்து பேசுறேன். வீட்டுக் காவலுக்கு இருக்கேன்."

"சொல்லுங்க."

"படைப்பு பிப்ரவரி நாலுன்னு போன்ல வந்திருக்குங்க. இந்த வருசம் பொங்கலே செவ்வாக்கெழமைதானே வருது? அன்னைக்கே மொதச் செவ்வாயின்னு எண்ணுனா, மூணாஞ் செவ்வா சனவரி இருபத்தெட்டுல்ல வரணும்?"

"அது கம்ப்யூட்டர் போட்ட கணக்கு. ஒங்க விரலை விட அதுக்கு நல்லா எண்ணத் தெரியும். வையிங்க போனை."

வைத்துவிட்டார். வருகிற புகாரையெல்லாம் பட்டியலில் பதிய வேண்டும் என்பது என் வேலை. இதை நான் பதியவில்லை. செட்டிநாட்டில் பிறந்து, செட்டிநாட்டில் வாக்கப்பட்ட எனக்குச் செவ்வாய் எண்ணத் தெரியாதா? நன்றாகத் தெரியும். அந்த மனுஷன் சொன்னபோது ஒரு கையை நீட்டி மூன்று விரல் மடக்கிப் பார்த்திருந்தால் போதும். நான் மடக்கவில்லை.

பொங்கல் லீவு முடிந்து வெள்ளிக்கிழமை அலுவலகம் திறந்தோம். எங்கள் முதலாளி குமரப்பன் போனும் கையுமாக உள்ளே வந்தார். முப்பத்தாறு வயசு, சிங்கப்பூரில் வேலை பார்த்துவிட்டு ஊரில் ஏதாவது செய்ய வேண்டும் என்று வந்த பிள்ளை. நல்ல பிள்ளைதான். அன்று முகம் வெளிறிப்போயிருந்தது.

கொத்தமங்கலத்து வீட்டில் இந்த வருஷ நிர்வாகம் பெத்தாச்சி அண்ணன் முறை. பேங்க்கில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். கண்டனூரில் கட்டிக்கொடுத்த அவர் தங்கை பொங்கலன்று அண்ணன் வீட்டுக்கு வந்திருக்கிறார். வந்தவர், "இன்னைக்கே மொதச் செவ்வாயாச்சே அண்ணே, இன்னும் ரெண்டு வாரத்துல படைப்பு, ஏன் இன்னும் வெள்ளையடிக்கலை?" என்று கேட்டிருக்கிறார். அப்போதுதான் அண்ணன் விரல் விட்டு எண்ணிப் பார்த்திருக்கிறார். எண்ணிவிட்டுச் செயலியைத் திறந்தால், இருபத்தேழும் இருபத்தெட்டும் சேலை விளம்பரம் எடுக்கிற சென்னைக்காரர்களுக்கு வீடு கொடுத்தாச்சு என்று காட்டுகிறது. வாடகைக்குக் கேட்டால் செயலியில் சம்மதம் அழுத்துவது காவல்காரர் வேலை; அழுத்தியவர் சோணைமுத்து.

"படைப்பு நாள்ல வெளியாளுக்கு வீட்டைக் குடுத்திருக்கான். நாப்பது வருசமா வீட்ல இருக்கவனுக்குத் தேதி தெரியாதாங்கிறாரு" என்றார் குமரப்பன். "கையில எதையோ வாங்கிக்கிட்டுச் செஞ்சிட்டான்னு அவுக நினைக்கிறாக. அந்த ஆளு நம்ம கம்பெனிக்குப் போன் பண்ணிக் கேட்டேன், அதான் சரின்னு சொல்லிட்டாகங்கிறாராம். பெத்தாச்சி அண்ணன் எங்கிட்டக் கேட்டாக. பட்டியலைப் பாத்தேன், அப்பிடி ஒரு போனே வரலை. வரலைன்னு சொல்லிட்டேன். ஞாயித்துக்கெழமை பங்காளிகல்லாம் கூடி அந்த ஆள்ட்ட சாவிய வாங்கிறப் போறாகளாம். நல்லவேளை, நம்ம மேல வரலை."

சோணைமுத்துவுக்கு வீடு வாசல் எல்லாம் அந்தப் பெரிய வீட்டின் பின்கட்டுதான். சாவியை வாங்கினால் பெண்டாட்டியோடு தெருவில்தான் நிற்க வேண்டும்.

தீபலட்சுமி அதற்குள் கம்ப்யூட்டரில் எதையோ திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பத்து நிமிஷம்கூட ஆகியிருக்காது.

"நம்ம மேலதான் சார் வரணும்" என்றாள்.

எனக்கும் புரிகிற மாதிரி அவளே சொன்னாள். மாதப் பிறப்பு நாளிலிருந்தே செவ்வாய்களை எண்ணு என்று எழுத வேண்டிய இடத்தில், மாதப் பிறப்புக்கு அப்புறம் வருகிற செவ்வாய்களை எண்ணு என்று எழுதிவிட்டாள். ஒரே ஒரு சமக்குறி விடுபட்டுப் போயிருக்கிறது. போன வருஷம் தை திங்களன்று பிறந்தது, அதற்கு முந்தைய வருஷம் ஞாயிறு. அந்த இரண்டு வருஷத்தையும் வைத்துச் சோதித்துப் பார்த்திருக்கிறாள், கணக்குச் சரியாக வந்திருக்கிறது. தை செவ்வாயன்றே பிறந்தால் என்னவாகும் என்று பார்க்கவில்லை.

குமரப்பன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "சரி. சின்னத் தப்பு. யானைக்கும் அடி சறுக்கும். சத்தமில்லாம சரி பண்ணிரு. தேதியை மாத்திப் புதுசா ஒரு மெசேஜ் அனுப்பிருவோம்."

"சோணைமுத்து?"

"அவருக்கு நான் வேற எடத்துல வேலை பாத்துத் தாரேன், தீபா. அடுத்த வாரம் தேவகோட்டைப் பக்கம் பன்னெண்டு வீட்டுக்காரக கையெழுத்துப் போட வாராக. இப்ப நீ போயி நம்ம கணக்குத் தப்புன்னு சொன்னா அது அம்புட்டும் போயிரும். இங்க ஏழு பேர் சாப்பிடுறோம். அதையும் நெனைச்சுப் பாரு."

அவர் சொன்னதிலும் ஒரு நியாயம் இருந்தது. அந்த ஏழு பேரில் நானும் ஒருத்தி.

"வேலை பாத்துத் தருவீக சார். திருடன்னு வந்த பேருக்கு என்னத்தைப் பாத்துத் தருவீக?" என்றாள் தீபலட்சுமி. குரல் உயரவில்லை. ஆனால் கண்ணாடிக்குப் பின்னால் கண் சிவந்திருந்தது. "ஞாயித்துக்கெழமை நான் கொத்தமங்கலம் போறேன். போயிச் சொல்லத்தான் போறேன். கம்பெனி பேர்ல சொல்லவா, என் பேர்ல மட்டும் சொல்லவா, அதை நீங்க சொல்லுங்க."

குமரப்பன் போனை எடுத்துச் சட்டைப் பையில் போட்டார். பிறகு, "கம்பெனி பேர்லயே சொல்லித் தொலை" என்று எழுந்து போய்விட்டார். போகிற போக்கில் என்னிடம், "நீங்களும் கூடப் போங்க ஆச்சி. அவ பாட்டுக்கு என்னத்தையாச்சும் கூடுதலாச் சொல்லிறாம பாத்துக்கங்க" என்றார்.

அவர் போனதும் தீபலட்சுமி என் மேஜைக்கு வந்தாள்.

"ஆச்சி, அவரு போன் பண்ணினேங்கிறாரே. ஒங்களுக்கு ஏதாச்சும் ஞாபகம் இருக்கா?"

"நாளைக்கு எண்பது போன் எடுக்கிறேன். எதைன்னு ஞாபகம் வச்சிக்கிறது?" என்றேன்.

அவள் தலையாட்டிவிட்டுப் போய்விட்டாள். சந்தேகமே படவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த மாதிரி அன்றும் மறுநாளும் ஓட்டினேன். எதற்குப் பயந்தேன் என்று கேட்டால், வேலைக்குத்தான். இந்த வயசில் எனக்கு யார் வேலை தருவார்கள்? வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்துவிட்ட வீட்டில், மாதச் சம்பளம் ஒன்றுதான் எனக்குத் துணை. ஒரு போன்தானே, பதிய மறந்த ஒரு போன், இதெல்லாம் ஒரு தப்பா என்று என்னையே நூறு தடவை கேட்டுக்கொண்டேன். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்.

ஞாயிற்றுக்கிழமை அவள் ஸ்கூட்டியின் பின்னால் உட்கார்ந்து போனேன். பாதி வழியில் கேட்டேன்.

"பயமா இல்லையா ஒனக்கு?"

"இருக்கு ஆச்சி. காலைல இட்லி எறங்கலை." கொஞ்ச தூரம் போனதும் அவளே பேசினாள். "சென்னையில ஒரு தடவை நான் செஞ்ச தப்பு ஒண்ணைச் சொல்லாம இருந்துட்டேன். சின்னதுதான். அங்கல்லாம் தப்பு மேசை மேசையா ஊர்வலம் போகும், யாரும் எறக்கி வைக்க மாட்டாக. கடைசியில சேவுகப்பெருமாள்னு ஒருத்தன், எங்க ஊர்ப்பக்கம்தான், அவன் தலையில வந்து எறங்கிருச்சு. பெரிசா ஒண்ணும் ஆகலை. ஒரு நாள் திட்டு வாங்கினான், அம்புட்டுத்தான். ஆனா அவனுக்கு எப்பிடியோ தெரிஞ்சு போச்சு. அதுக்கப்பறம் அவன் எங்கூட டீ குடிக்க வரலை."

"அம்புட்டுத்தானா?"

"அம்புட்டுத்தான் ஆச்சி. ரெண்டு வருசம் தெனமும் அதே கடையில தனியா நின்னு டீ குடிச்சேன்."

கொத்தமங்கலத்து வீட்டு வாசலில் அறுபதைத் தாண்டிய ஒருவர் நின்றார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு. "வாங்க" என்றார். யாரென்று சொல்ல வேண்டியதில்லை. வெயிலில் எனக்கு நாக்கு வறண்டிருந்தது.

"குடிக்கக் கொஞ்சம் தண்ணி குடுங்க" என்றேன்.

சட்டென்று திரும்பி என் முகத்தைப் பார்த்தார். என் குரல் அவருக்குத் தெரிந்துவிட்டது. உள்ளே போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். குடித்துவிட்டுச் சொம்பைத் திருப்பிக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டேன்.

உள்ளே பங்காளிகள் எட்டுப் பேர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் பெத்தாச்சி அண்ணன். அவர் முன்னால் ஒரு முக்காலி, அதன் மேல் சாவிக்கொத்து. முழ நீளச் சாவியிலிருந்து சுண்டுவிரல் சாவி வரை நாற்பது இருக்கும். சோணைமுத்து தூண் ஓரமாகப் போய் நின்றுகொண்டார்.

தீபலட்சுமி உட்காரவில்லை. நின்றபடியே ஆரம்பித்தாள்.

"ஐயா, என் பேரு தீபலட்சுமி. வளவுல தேதி போடுற கணக்கை எழுதினது நான். ஒங்க படைப்புத் தேதி தப்பாப் போனதுக்குக் காரணம் நான் எழுதினதுல இருந்த தப்பு. தை செவ்வாக்கெழமையே பெறந்தா அந்தச் செவ்வாயை எண்ணாம விட்டுட்டேன். இருபத்தெட்டாந் தேதி வீடு சும்மா இருக்குன்னு செயலிதான் காமிச்சிருக்கு. அதை நம்பித்தான் இவரு சம்மதம் குடுத்திருக்காரு. தப்பு என்னோடது, எங்க கம்பெனியோடது. இவரோடது இல்லை."

ஒரு பங்காளி, "இம்புட்டுச் சின்னத் தப்புக்கா இம்புட்டுக் கலாட்டா?" என்றார்.

"எழுதுனப்பச் சின்னத் தப்புதாங்கய்யா. ஒரு குறி விட்டுப்போச்சு. ஒரு மாசமா யாரும் கவனிச்சுச் சொல்லாமக் கெடந்ததுல பெரிசாயிருச்சு" என்றாள்.

யாரும் சொல்லாமல் என்றதும் எனக்குச் சுரீர் என்றது. அவள் என்னைக் குத்திச் சொல்லவில்லை. அவளுக்குத் தெரியவே தெரியாது.

பெத்தாச்சி அண்ணன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரித்தா. வந்து சொன்னதுக்குச் சந்தோசம். இந்தக் காலத்துல யாரு சொல்றா. ஆனா ஒண்ணு. நீ வெளியூரு, ஒனக்குத் தெரியாது. இவனுக்குத் தெரியும். தெரிஞ்சும் கம்முன்னு இருந்திருக்கான். கேட்டா, போன் பண்ணினேன்னு பொய் வேற. பொய் சொல்றவன்கிட்டச் சாவி இருக்கக் கூடாது." தூண் பக்கம் திரும்பினார். "ஏன்டா சோணை, போன் பண்ணினேங்கிறியே, யாரு பேசினது? ஆம்பளையா பொம்பளையா?"

சோணைமுத்து நிமிர்ந்து என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

"ஞாபகமில்லைங்கய்யா."

நான் வாங்கின வசவு எத்தனையோ உண்டு, எதற்கும் அசைந்ததில்லை. அந்த ஒரு வார்த்தை என்னை அறைந்துவிட்டது. வீடு போகிறது, பேர் போகிறது, இந்த மனுஷன் முன்பின் தெரியாத என் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டு நிற்கிறார். சொம்பைக் கீழே வைத்தேன்.

"அவருக்கு ஞாபகம் இருக்குண்ணே" என்றேன். "எனக்கும் இருக்கு. அந்தப் போனை எடுத்தது நான்தான். மார்கழியிலயே பண்ணினாரு. பொங்கல்ல இருந்து எண்ணினா இருபத்தெட்டு வருதுன்னு சரியாச் சொன்னாரு. நான்தான் எரிஞ்சு விழுந்து போனை வைக்கச் சொன்னேன். பதியவும் இல்லை. எங்க மொதலாளி ஒங்ககிட்டப் பொய் சொல்லலை, அவருக்குத் தெரியாது. இந்தப் பிள்ளைக்கும் தெரியாது. வெள்ளிக்கெழமை எங்கிட்டக் கேட்டா, மழுப்பிட்டேன்."

தீபலட்சுமி என்னைத் திரும்பிப் பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். பக்கத்தில் வந்து நின்றுகொண்டாள்.

பெத்தாச்சி அண்ணனுக்கு முகம் கடுத்துவிட்டது. "அந்தப் பிள்ளை வேத்தூரு. நீங்க நம்ம வீட்டு ஆச்சி. ஒங்களுக்குமா நம்ம கணக்குத் தெரியாது?"

"தெரியும்ணே. எண்ணிப் பாக்கலை."

அதற்கு மேல் அவர் என்னைக் கேட்கவில்லை. சாவிக்கொத்தை எடுத்தார். எழுந்து தூண் வரை நடந்து போய், சோணைமுத்து கையில் கொடுத்தார். "வச்சுக்க சோணை" என்றார். மன்னிப்பு என்ற வார்த்தை அவர் வாயில் வரவில்லை. ஆனால் நாற்காலியை விட்டு எழுந்து போய்க் கொடுத்தார், அதை எல்லாரும் பார்த்தார்கள்.

தீபலட்சுமி அங்கேயே நின்று சேலைக்காரர்களுக்குப் போன் போட்டாள். நடந்ததை நடந்தபடி சொன்னாள். அவர்கள் கத்தினார்கள், அவள் கேட்டுக்கொண்டாள். கடைசியில் கண்டனூர் வீட்டுக்கு மாற்றிக்கொள்ளச் சம்மதித்தார்கள். சமையற்கட்டைத் தவிர மற்ற அறைகள் எல்லாம் காலி என்று அவள் சொன்னபோது எனக்கு அந்த நிலையிலும் சிரிப்பு வந்தது.

இருபத்தெட்டாம் தேதி படைப்பு நடந்தது. முப்பத்தெட்டு குடும்பத்தில் முப்பத்தொரு குடும்பம் வந்தது. ஏழு குடும்பத்தால் டிக்கெட்டை மாற்ற முடியவில்லை. அதில் ஒரு புதுப்பெண்ணும் உண்டு, கல்யாணமாகி அவளுக்கு முதல் படைப்பு. அதைச் சரிசெய்ய யாராலும் முடியாது. தேவகோட்டைக்காரர்களில் நாலு வீட்டார் கையெழுத்துப் போடவில்லை. நாங்கள் கொத்தமங்கலம் போய்வந்ததிலிருந்து குமரப்பன் எங்கள் இரண்டு பேரிடமும் நாலு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஐந்தாம் நாள் எல்லாருக்கும் டீ வாங்கிவரச் சொன்னார். "என்ன ஆச்சி, பீரோவுல ஒங்க சீட்டை இன்னும் காணோமே?" என்றார்.

அதுதான் என் பிரச்சினை. எட்டுப் பேர் முன்னால் வாயால் சொன்னதை ஒரு சீட்டில் எழுத எனக்கு வரவில்லை. 'போனைப் பட்டியலில் பதியவில்லை' என்று எழுதினேன். தீபலட்சுமியிடம் காட்டினேன். படித்துவிட்டு, "இது பொய்யில்லை ஆச்சி. ஆனா இதுதானா தப்பு?" என்றாள். கோபம் வந்து கிழித்துப் போட்டேன். 'கேட்டபோது மழுப்பினேன்' என்று எழுதினேன். அதையும் நானே கிழித்தேன். படைப்பு முடிந்தும் பேனாவும் கையுமாகத் திரிந்தேன்.

படைப்புக்கு மறுவாரம் போன் வந்தது.

"ஆச்சி, கொத்தமங்கலம் சோணைமுத்து பேசுறேன்."

நான் பேனாவை எடுத்துக்கொண்டேன். "சொல்லுங்க. மெதுவாச் சொல்லுங்க, எழுதிக்கிறேன்."

"அடுத்த வருசத் தேதி வந்திருக்குங்க. எண்ணிப் பாத்தேன், சரியா இருக்கு. அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன்." ஆனால் போனை வைக்கவில்லை. "அந்த மார்கழியில நீங்க போனை வைக்கச் சொன்னீகளா, அதுக்கப்பறம் நாலு தடவை எண்ணிப் பாத்தேன் ஆச்சி. நாலு தடவையும் இருபத்தெட்டுத்தான் வந்துச்சு. அப்பறந்தான், வயசாயிருச்சு, நமக்கு எண்ணத் தெரியாமப் போச்சுன்னு விட்டுட்டேன். அந்தச் சேலைக்காரகளுக்குச் சரின்னு அமுத்தினது அதனாலதான். இப்பக்கூடப் பாருங்க, இந்தத் தேதியை என் சம்சாரத்தையும் ஒரு தடவை எண்ணச் சொல்லிட்டுத்தான் கூப்பிடுறேன்."

"ஒங்களுக்கு நல்லா எண்ணத் தெரியும்" என்றேன். "அன்னைக்கும் தெரியும், இன்னைக்கும் தெரியும்."

"சரிங்க ஆச்சி. வைக்கட்டுங்களா?"

"நீங்க மொதல்ல வையிங்க. நான் அப்பறம் வைக்கிறேன்."

அவர் வைத்த பிறகு ஒரு மஞ்சள் சீட்டை உரித்தெடுத்து எழுதினேன். இந்தத் தடவை அடித்தல் திருத்தல் இல்லை. தீபலட்சுமியிடம் காட்டவும் இல்லை. நேராக எழுந்து போய்ப் பச்சை பீரோவில், அவள் சீட்டுகளுக்குப் பக்கத்தில் ஒட்டினேன்.

"சரியாக எண்ணிய ஒருவரை, தனக்கு எண்ணத் தெரியாது என்று நம்பவைத்துவிட்டேன். தவறு என்னுடையது. – சிட்டாள்."